கல்லூரிக் கூடைப்பந்து அரங்கத்தில் கூட்டம் ஏன் வாய் திறப்பதில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் கூடைப்பந்துக் கழகத்துக்கு நீங்கள் செயலாளர். 1,200 பேர் உட்காரும் உள்ளரங்கம் இருக்கிறது. உங்கள் இடத்தில் ஆட்டம் நடந்தால் 150 பேர் வருகிறார்கள், இரண்டாவது குவார்ட்டருக்குள் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவது) பாதிப் பேர் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். டிஜே வைத்துப் பார்த்தீர்கள், புகை இயந்திரம் வாடகைக்கு எடுத்தீர்கள், அதிர்ஷ்டக் குலுக்கலும் நடத்தினீர்கள். எதுவும் எடுபடவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் காணொளிகளில் பார்க்கும் ஆரவாரம் இங்கே வருமா, அதற்கு இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி தெரிகிறது. வந்து உட்கார்ந்திருக்கும் அந்த 150 பேர் ஏன் வாய் திறப்பதில்லை? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் 150 பேர் 400 ஆவது அவ்வளவு கடினம் இல்லை. அது கிடைக்காமல் 400 பேரைக் கூட்டி வந்தாலும் அவர்களும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செந்தூலில் கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டும் வேலையில் தொடங்கியவன் நான். அப்புறம் ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து, 19 ஆண்டுகள் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து அறிவிப்பாளராகவும் ஒலிக்குப் பொறுப்பாளராகவும் இருந்தேன். 1,500 இருக்கைகளுக்கு மேல் உள்ள அரங்கத்தில் வேலை பார்த்ததில்லை. அமெரிக்க அரங்குகளை நேரில் பார்த்ததும் இல்லை, படித்தும் காணொளிகளில் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். ஆகவே புக்கிட் ஜாலில் உள்ளரங்கம் போன்ற பெரிய இடத்துக்கு நான் சொல்வது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் அளவு அரங்கத்துக்குச் சொல்லலாம்.

முதலில் இருக்கை. என் பார்வையில் முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான். 1,200 இருக்கையில் 150 பேரை அவரவர் விருப்பத்துக்கு உட்கார விட்டால் எங்கே போவார்கள்? மேல் வரிசைக்கு, சுவரில் முதுகைச் சாய்க்கிற இடத்துக்கு, இரண்டு இரண்டு பேராக. பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் யாரும் கத்த மாட்டார்கள், கூச்சமாக இருக்கும். தோளோடு தோள் இடிக்கும்போது பக்கத்து ஆள் கத்தினால் நமக்கும் வாய் தானாகத் திறந்துவிடும். தைப்பூசத்தில் பத்துமலைப் படிக்கட்டில் யாரும் தனியாக நின்று ‘வேல் வேல்’ என்று முழங்குவதில்லை. கூட்டத்துக்குள் போனதும் அந்தக் குரல் தானாக வருகிறது.

இதற்கு ஒலிக் கணக்கும் இருக்கிறது. இரண்டு மடங்கு பேர் கத்தினால் ஒலி மீட்டரில் சுமார் 3 டெசிபல்தான் (ஒலியை அளக்கும் அலகு) ஏறும். அதே ஆட்களை ஆட்டக்காரரிடமிருந்து 20 மீட்டர் தூரத்தில் உட்கார வைப்பதற்குப் பதிலாக 10 மீட்டரில் உட்கார வைத்தால் நேராகக் காதுக்கு வரும் ஒலி 6 டெசிபல் ஏறும். அதாவது தூரத்தைப் பாதியாக்குவது ஆட்களை நான்கு மடங்கு ஆக்குவதற்குச் சமம். இது திறந்தவெளிக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய அரங்கத்தில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்வதால் வித்தியாசம் அவ்வளவு இருக்காது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். என் பழைய தொழிலில் மிஞ்சிய கருநீலப் பந்தல் துணி வீட்டில் கிடந்தது. ஒரு புதன்கிழமை மாலை, அரங்கத்தைத் துப்புரவு செய்யும் அக்காவும் நானும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து மேல் எட்டு வரிசைகளையும் இரண்டு ஓரப் பகுதிகளையும் அந்தத் துணியால் மூடிக் கயிறு கட்டினோம். திறந்து விட்டது ஸ்கோர் மேசைக்கு எதிர்ப் பக்கத்தில் கீழ் ஐந்து வரிசைகளும், ஒரு கூடைக்குப் பின்னால் இருந்த சின்னப் பகுதியும் மட்டும்தான். அன்று வந்தவர்கள் 140 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். முதல் மூன்று புள்ளி எறிவு விழுந்தபோது எழுந்த சத்தத்தில் எங்கள் பயிற்சியாளர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. துணி வெற்று இருக்கைகளை மறைத்தது, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் கொஞ்சம் விழுங்கியது.

இதில் இரண்டு எச்சரிக்கை. துணி தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும், அவசர வழி எதையும் மறைக்கக் கூடாது. அன்று நாங்கள் கேட்காமல் செய்தது தவறு. நீங்கள் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, ஆர்வத்தில் நாற்காலிகளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடாதீர்கள். ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி 28க்கு 15 மீட்டர் களத்தின் எல்லைக் கோட்டிலிருந்து குறைந்தது 2 மீட்டருக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பந்தைத் துரத்தி ஓடி வரும் ஆட்டக்காரர் நாற்காலியில் மோதினால் முழங்கால் போய்விடும்.

அமெரிக்காவில் பேர்போன அரங்குகளும் இந்த வழியில்தான் இருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் இண்டோர் ஸ்டேடியம் 1940இல் திறந்தது, 9,314 இருக்கைகள்தான். அங்கே பெரிய அணிகளின் அரங்குகளில் இதைப் போல இரண்டு மடங்கு இருக்கைகள் கொண்டவை உண்டு. அப்படியிருந்தும் கேமரனுக்குத்தான் பெயர், ஏனென்றால் களத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியை மாணவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்கள் மேலே உட்காருகிறார்கள். நம் ஊரில் தலைகீழ். களத்துக்குப் பக்கத்தில் சோபா போட்டு, துணைவேந்தரும் ஆதரவு நிறுவனத்து விருந்தினர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்கள் பின்னால். உங்களிடம் அந்த சோபா இருந்தால் அதை மேல் வரிசைக்கு மாற்றக் கல்லூரியைச் சம்மதிக்க வையுங்கள். நீங்கள் செய்யக்கூடிய வேலைகளிலேயே கடினமானது இதுதான். ஆனால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஒலிபெருக்கி. நான் அந்தத் தொழில் செய்தவன், அதனால் பொறுப்போடு சொல்கிறேன்: உங்கள் டிஜேதான் கூட்டத்தின் வாயை மூடுகிறார். நல்ல பையனாகவே இருக்கலாம், தப்பு அவர் மேல் இல்லை. ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு நொடியையும் இசையால் நிரப்பச் சொல்லி நாம்தான் அவரைக் கூப்பிட்டோம். ஒலிபெருக்கி முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியாது. தன் குரல் தன் காதுக்கே கேட்காத இடத்தில் யார் கோஷம் போடுவார்? இசை நின்றதும் கோஷம் கிளம்பும் என்று நினைப்போம், கிளம்பாது. கூட்டம் கேட்டுப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் வாத்தியக் குழு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அந்தக் குழு வாசிக்கக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது. ஊதுகுழல், காற்று ஹாரன் மாதிரி செயற்கைச் சத்தக் கருவிகளையும் கூடைப்பந்தில் அனுமதிப்பதில்லை. காணொளியில் நாம் கேட்டு மலைக்கும் அந்த இரைச்சல் பெரும்பாலும் தொண்டையிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் வருவது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955இல் திறந்த கட்டடம், 2017இல் அதில் 16,300 இருக்கைகள். 2017 பிப்ரவரி 13 அன்று அங்கே கூட்டம் எழுப்பிய சத்தம் 130.4 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்தது. அந்த அளவை நாம் எட்ட வேண்டாம், காதுக்கும் அது நல்லதில்லை. மனிதக் குரலால் என்ன முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

ஒலிபெருக்கி அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபீபா ஆட்டத்தில் டைம்-அவுட், அதாவது அணி கேட்டு வாங்கும் ஆட்ட நிறுத்தம், ஒரு நிமிடம். முதல் பாதியில் ஓர் அணிக்கு இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. முதல் இரண்டு குவார்ட்டர்களுக்கு இடையிலும் கடைசி இரண்டுக்கு இடையிலும் 2 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவேளை. நான் வைத்திருந்த பழக்கம் இதுதான்: மூன்று டைம்-அவுட்டில் ஒன்றுக்கு இசை, ஒன்றுக்குக் களத்தில் ஏதாவது சின்னப் போட்டி, ஒன்றை வெறுமனே விட்டுவிடுவது. அந்த வெறும் நிமிடம் முதல் இரண்டு ஆட்டங்களில் சங்கடமாக இருக்கும். மேலாளர் வந்து ‘ஏன் பாட்டு இல்லை’ என்று கேட்பார். மூன்றாவது ஆட்டத்தில் யாராவது ஒருவர் தட்ட ஆரம்பிப்பார். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அறிவிப்பும் அப்படித்தான். கான்கிரீட் சுவரும் தகரக் கூரையுமான அரங்கத்தில் ஒலியைக் கூட்டக் கூட எதிரொலிதான் கூடும், சொல் புரியாது. ஒலியைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, ஆட்டக்காரரின் பெயரை மட்டும் இழுத்துச் சொல்லுங்கள். பெயருக்கு முதல் பாதியை அறிவிப்பாளர் சொல்லி, மறு பாதியைக் கூட்டத்துக்கு விடுவது பழைய உத்திதான், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. மாலை ஐந்து மணி ஆட்டமாக இருந்தால் இதெல்லாம் வீண். நம் ஊர் மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால் நடுவரின் விசிலே கேட்காது.

சரி, கூட்டம் சத்தம் போடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்போது போடுவது? நம் அரங்குகளில் நான் அடிக்கடி பார்த்த தவறு இது: நம் அணி பந்தோடு முன்னேறும்போது கத்துவார்கள், எதிரணி பந்தை எடுத்ததும் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். முறை இதற்கு நேர் எதிர். நம் அணி தாக்கும்போது பயிற்சியாளர் கூப்பிடுவது நம் ஆட்டக்காரர்களுக்குக் கேட்க வேண்டும், அப்போது அடங்கியிருக்க வேண்டும். எதிரணி தாக்கும்போதுதான் அரங்கம் அதிர வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாதபடி. ஃபீபா ஆட்டத்தில் ஓர் அணி 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஷாட் கிளாக்கையே நாங்கள் தாளமாக்கினோம். எதிரணி பந்தை எடுத்ததும் மெதுவான கைத்தட்டு, கடிகாரம் எட்டுக்கு வந்ததும் வேகம், மூன்றில் எல்லோரும் எழுந்து நிற்பது. எந்த மொழிக் கோஷமும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழி பேசுபவர்கள் ஒரே வரிசையில் இருக்கும் அரங்கத்துக்கு எண்ணும் கையும் போதும்.

இங்கேதான் உறுமி வந்தது. எங்கள் கல்லூரியில் ஐந்து பையன்கள் உறுமி மேளக் குழு வைத்திருந்தார்கள், திருவிழாக் காலத்தில் பத்துமலைக்குப் போய் வாசிப்பவர்கள். நான்தான் அழைத்தேன். முதல் நாள் பெரிய குழப்பம். ஆரம்பித்தால் நிறுத்தவே தெரியவில்லை, சாமி வரும் வேகத்தில் வாசித்தார்கள். நடுவர் இரண்டு முறை மேசைக்கு வந்தார், எங்கள் பாயிண்ட் கார்ட் (அணியின் ஆட்டத்தை வழிநடத்துபவர்) காதைக் காட்டிக் கையை விரித்தார். மறு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். குழுவில் மூத்தவர் என்னைப் பார்க்கும்படி மேசைக்கு நேர் எதிரே உட்காருவார். என் உள்ளங்கை கீழே இருந்தால் நிறுத்தம், முஷ்டி என்றால் தயார், விரல் மேலே போனால் வாசிப்பு. உறுமியின் ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருமே அந்த முனகல், அதை மட்டும் எதிரணியின் கடைசி எட்டு நொடிக்கு வைத்துக்கொண்டோம். புலி உறுமுவது போலத் தாழ்வாக ஆரம்பித்து ஏறும். கூட்டம் அதைக் கேட்டதும் எண்ணத் தொடங்கிவிடும். மூன்றாவது ஆட்டத்தில் சீன மாணவர்கள் இரண்டு பேர் சிங்க நடன மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ‘நாங்களும் சேரலாமா’ என்று கேட்டார்கள். அடுத்த பருவத்தில் மலாய்க் கைமேளமான கொம்பாங் வந்தது. நீங்கள் டிஜேக்குக் கொடுக்கும் வாடகையில் இந்த மூன்று குழுவுக்கும் ஆட்டத்துக்குப் பிறகு சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: நீங்கள் ஆடும் போட்டியின் ஏற்பாட்டாளரிடம் மேளம் அனுமதிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில போட்டிகளில் விடமாட்டார்கள். விசில் எந்த நிலையிலும் கூடாது, நடுவரின் விசில் என்று நினைத்து ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள். மேளத்தை நேராகக் காதுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் தள்ளி உட்கார வையுங்கள்.

கூடைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பகுதி எந்தக் கூடைக்குப் பின்னால் என்பதும் முக்கியம். ஃபீபா முறையில் ஸ்கோர் மேசையிலிருந்து களத்தைப் பார்த்தால், உள்ளூர் அணி முதல் பாதியில் இடது கூடையைக் காக்கும், இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். அதாவது ஆட்டம் இறுகும் நேரத்தில் எதிரணி ஃப்ரீ த்ரோ (நம் அணி தவறு செய்ததற்காக, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிவது வலது கூடையில். உங்கள் பலமான ஆட்களை அங்கே உட்கார வையுங்கள்.

ஃப்ரீ த்ரோவின்போது கவனத்தைக் கலைப்பது உண்மையில் பலன் தருமா? இங்கே உறுதியானதையும் உறுதி இல்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இலிருந்து கூடைக்குப் பின்னால் ஒரு திரை வைத்து, எதிரணி ஆட்டக்காரர் எறியப் போகும் நேரத்தில் அதைத் திறந்து விசித்திரமான ஏதாவதொன்றைக் காட்டுகிறார்கள். 2016 ஜனவரியில் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீச்சல் உடையில் பதக்கங்களோடு வெளியே வந்தார். எறிந்த ஒரிகன் ஸ்டேட் ஆட்டக்காரர் இரண்டையும் தவறவிட்டார். இது நடந்தது. ஆனால் ஓர் ஆட்டக்காரரின் இரண்டு எறிவை வைத்து முடிவு கட்ட முடியாது, நல்ல ஆட்டக்காரர்களும் தவறவிடுவார்கள். சத்தம் நடுவரைப் பாதிக்குமா என்பதிலும் அப்படித்தான். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்கள் கொடுத்ததைவிட சுமார் 15 விழுக்காடு குறைவு. அது கால்பந்து, அதுவும் திரையில் பார்த்தது. கூடைப்பந்தில், 150 பேர் இருக்கும் அரங்கத்தில் அதே அளவு நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: வெற்றிக்குப் பலன் இருக்கிறதோ இல்லையோ, அந்தத் திரை கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுக்கிறது. ‘அடுத்து என்ன வரும்’ என்று பார்க்கவே இரண்டாம் பாதிக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

வேலை கொடுப்பதற்குக் காசு தேவையில்லை. கன்சாஸில் எதிரணியை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் நாளிதழை விரித்துப் பிடித்துப் படிப்பது போல உட்கார்ந்திருப்பார்கள், ‘நீங்கள் யாரோ’ என்பது போல. இன்னொன்று என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. டெய்லர் பல்கலைக்கழகம், நம் சுபாங் ஜெயாவில் இருப்பது அல்ல, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி. டிசம்பரில் தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் முழு அரங்கமும் வேடம் போட்டுக்கொண்டு மூச்சு விடாமல் அமைதியாக இருக்கும். தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுத்த நொடியில் மொத்தமாக வெடிக்கும். சின்ன ஊர், சின்னக் கல்லூரி. ஆனால் அந்த ஓர் இரவுக்காகப் பழைய மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். உங்கள் கல்லூரிக்கும் பருவத்துக்கு ஒன்று, ஒரே ஒன்று, இப்படி இருந்தால் போதும். அதை நகல் எடுக்க வேண்டாம். உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள், அவர்களிடமிருந்தே வரும்.

கோஷங்களைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும். ஒரு முறை, எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை, எதிரணி ஆட்டக்காரர் ஒருவரின் மொழியைக் கேலி செய்து எங்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் குரல் கொடுத்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மேசையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தும் அந்த ஒரு நிமிடம் எதுவும் செய்யவில்லை, ஆட்டம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். முடிந்ததும் அந்தப் பையன் கை குலுக்காமல் நேராகப் பேருந்துக்குப் போனான். அது என் தவறு என்று இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு விதி வைத்தோம்: இனம், மதம், மொழி, உடல், வீட்டார், இந்த ஐந்தையும் தொடக் கூடாது. எதிரணியின் சட்டை எண்ணைக் கூப்பிடலாம், தவறவிட்ட எறிவைக் கூப்பிடலாம். மீறினால் அறிவிப்பாளர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வார். இதை முதல் ஆட்டத்துக்கு முன்பே கோஷக் குழுவின் தலைவரோடு பேசி முடித்துவிடுங்கள். நம் நாட்டில் இது கைமீறிப் போனால் அடுத்த நாள் அரங்கத்தோடு நிற்காது.

யார் வருகிறார்கள் என்பதற்கு வருகிறேன். கூடைப்பந்து இங்கே பெரும்பாலும் சீனப் பள்ளிகளின் திடல்களில் வளர்ந்த ஆட்டம். நான் படித்த தமிழ்ப்பள்ளியில் கூடையே இல்லை. நம் பிள்ளைகள் பலர் ‘அது அவங்க ஆட்டம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள், யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. எங்கள் அரங்கத்தில் உறுமி ஒலித்த பிறகு இந்தியப் பண்பாட்டுக் கழகத்துப் பெண்கள் முப்பது பேர் ஒன்றாக வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவர்களில் இரண்டு பேர் அடுத்த ஆண்டு பெண்கள் அணிக்குத் தேர்வுக்குப் போனார்கள். அதனால் சுவரொட்டி ஒட்டி எல்லோரையும் அழைக்காதீர்கள், அதைப் பார்த்து வருபவர் குறைவு. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வரிசையைப் பெயர் எழுதி ஒதுக்குங்கள். வரிசை காலியாக இருந்தால் அவர்களுக்கே சங்கடம், ஆள் கூட்டி வருவார்கள். பெண்கள் ஆட்டத்தை அதே இரவில், அதே அறிவிப்பாளரோடு, அதே மேளத்தோடு நடத்துங்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு முன் நேரத்தைப் போக்கும் ஒன்றாக அதை வைத்தால் அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநீதி.

இவையெல்லாவற்றுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஊதியமில்லாத, ஆட்டம் தவறாத, கூச்சமில்லாத பன்னிரண்டு பேர். அவர்களிடம் பொறுப்பை முழுவதும் கொடுத்துவிட வேண்டும்: எந்தக் கோஷம், எந்த நிறச் சட்டை, திரைக்குப் பின்னால் என்ன என்பதெல்லாம் அவர்கள் முடிவு. கல்லூரி நிர்வாகம் எழுதிக் கொடுத்த கோஷத்தை எந்த மாணவரும் மனதாரப் போட்டு நான் பார்த்ததில்லை. டியூக்கில் முக்கிய ஆட்டத்துக்கு மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டு வரிசையில் காத்திருக்கும் வழக்கம் 1986இல் மாணவர்களே தொடங்கியது.

நேரம், சாப்பாடு, போக்குவரத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டே கால் மணிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். மஃரிப் தொழுகை முடிந்து, சாப்பிட்டு வர நேரம் கிடைக்கும். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கடைசி ரயிலைப் பிடிக்கலாம், விடுதிக்கும் திரும்பலாம். ரமலானில் நேரத்தைத் தனியாகத் திட்டமிடுங்கள். சாப்பாடு முழுவதும் ஹலாலாக இருக்கட்டும், கூடவே சைவமும் கட்டாயம். வெள்ளிக்கிழமை ஆட்டமாக இருந்தால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் சைவம்தான். நாசி லெமாக் பொட்டலம், கறிபாப், மைலோ, வடை போதும். வாசலுக்கு வெளியே விற்காமல் உள்ளே, களம் கண்ணில் படும் இடத்தில் விற்கச் சொல்லுங்கள். இடைவேளையில் வெளியே மாமாக் கடைக்குப் போனவர் திரும்பி வருவது அரிது.

புகை இயந்திரத்தைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் திரவம் மரத்தளத்தில் படிந்து வழுக்கும், தீ எச்சரிக்கை மணியும் அடிக்கலாம். நம் ஊரின் ஈரக்காற்றில் கதவைத் திறந்து வைத்து ஏர்கான் போட்டாலே தளத்தில் ஈரம் பூத்துவிடும், அதற்கு மேல் புகையும் வேண்டாம். விளக்குக்குச் செலவு செய்ய விரும்பினால் பார்வையாளர் பக்கம் விளக்கைக் குறைத்து, களத்தின் மேல் வெளிச்சத்தை விட்டுவைப்பதே போதும். அதற்குச் சுவிட்சைப் பிரித்துக் கட்ட ஒரு மின்பணியாளர் வந்தால் சரி.

எவ்வளவு செலவாகும் என்று கேட்டீர்கள். எங்களுக்குத் துணி, கயிறு, அட்டை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பருவத்துக்கு ஆன தொகை, முந்திய ஆண்டு டிஜேக்கும் விளக்குக்கும் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. எத்தனை நாளாகும் என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். எங்கள் அரங்கத்தில் சத்தம் ஒரே இரவில் மாறியது. ஆனால் வந்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கும் சொல்லாமலே வருவதற்கு ஒன்றரைப் பருவம் ஆனது, நடுவில் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற மாதமும் இருந்தது. அந்த மாதத்திலும் நீலத்துணிக்குக் கீழே அறுபது பேர் இருந்தார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம்தான் என்றால் துணியை மட்டும் கட்டுங்கள், டிஜேயிடம் மூன்றில் ஒரு டைம்-அவுட்டை வெறுமனே விடச் சொல்லுங்கள், மற்றதை இப்போது தொட வேண்டாம். அரங்கத்தின் உட்புறப் படம் ஒன்றும், ஸ்கோர் மேசை எந்தப் பக்கம் என்பதையும் போட்டுவிடுங்கள். எந்த வரிசைகளை மூடலாம் என்று குறித்துக் கொடுக்கிறேன்.